வலைப்பூவுக்குத் தேர்ந்த களம் ஏன் வருமானம் தரவில்லை? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தையல் இயந்திரத்தில் துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொண்டால், பழகாதவர் உடனே கீழ் நூல் சுற்றிய சிறு உருளையான பாபினைக் கழற்றிப் பார்ப்பார். சிக்கல் கீழே தெரிவதால் பழுதும் கீழேதான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் பிழை மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை உயர்த்தாமலே நூல் கோத்திருப்பார்கள். அதனால் நூலை இறுக்கும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே அது உட்காராமல் மேலோடு ஓடியிருக்கும். பாதத்தை உயர்த்தி, நூலை முழுவதும் உருவி, முதலிலிருந்து கோத்தால் சரியாகிவிடும். பாபினை எத்தனை முறை மாற்றினாலும் சரியாகாது.

வருமானம் வராத வலைப்பூவைச் சரிசெய்ய முனைகிறவர்களும் பெரும்பாலும் பாபினைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தளத்தின் தோற்றத்தை மாற்றுகிறார்கள், பதிவின் நீளத்தைக் கூட்டுகிறார்கள், நாளுக்கு ஒன்று என்று எழுதித் தள்ளுகிறார்கள். என் முதல் தளத்தில் நானும் இரண்டு ஆண்டுகள் இதையே செய்தேன். கைப்பேசி, உடல்நலம், பயணம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எழுதிய அந்தத் தளம் கடைசிவரை எதையும் ஈட்டவில்லை. பிறகு, வீட்டில் இருந்த பழைய தையல் இயந்திரத்தை நானே பிரித்துப் பழுதுபார்த்துக் கற்றதை மட்டும் வைத்துத் தொடங்கிய இரண்டாவது தளம்தான் எனக்கு வருமானம் தந்தது. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். களத்தைத் தேர்ந்த விதம்தான் வேறு.

பதிவர்கள் 'நிஷ்' என்று சொல்லும் களம் மூன்று இழைகள் சேர்த்து முறுக்கிய நூலைப் போன்றது. முதலாவது, நீங்களே பட்டுத் தெரிந்துகொண்ட அனுபவம். இரண்டாவது, நீங்கள் அன்று நின்ற அதே இடத்தில் இன்று நின்றுகொண்டு விடை தேடும் மனிதர்கள். மூன்றாவது, அந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக ஏற்கெனவே கைமாறிக்கொண்டிருக்கும் பணம். இவற்றுள் எந்த இழை அறுந்திருக்கிறதோ அதற்கேற்ப வெளியே தெரியும் அறிகுறியும் மாறும். ஆகவே உங்கள் தளத்தில் தெரியும் அறிகுறியை முதலில் கண்டுபிடித்து, அதற்குரிய பகுதிக்குச் சென்று படியுங்கள். இன்னும் எழுதத் தொடங்காதவர்கள், ஒவ்வொரு பகுதியிலும் உள்ள சோதனையைத் தாங்கள் நினைத்திருக்கும் களத்தின்மீது முன்கூட்டியே செய்து பார்க்கலாம்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் இலவசக் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளம் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அது 16 மாதத் தரவை வைத்திருக்கும். அதில் நமக்கு வேண்டியவை நான்கு: எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது. இதற்கு மேல் பணம் கொடுத்து வாங்கும் கருவி எதுவும் இப்போதைக்குத் தேவையில்லை. தளம் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர்கள் முதல் அறிகுறியை மட்டும் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. மற்றவை தெரிவதற்கு அவ்வளவு காலமாவது வேண்டும்; அதற்குள் கணக்குப் பார்த்தால் நல்ல களத்தையும் கைவிட்டுவிடுவோம்.

பத்துப் பதிவுகளுக்கு மேல் எழுத எதுவும் வரவில்லை

இது சோம்பலின் அறிகுறி என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். உண்மையில் இது கடன் வாங்கிய களத்தின் அறிகுறி. 'இந்தத் தலைப்புக்கு விளம்பரப் பணம் அதிகம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்துக்கொண்ட களத்தில், முதல் பத்துப் பதிவுகளை மற்றவர்கள் எழுதியதைப் படித்தே எழுதிவிடலாம். அதற்குப் பிறகு கிணறு வற்றிவிடுகிறது, ஏனென்றால் அதில் ஊற்றே இருந்ததில்லை.

சோதனை எளியது. இணையத்தை மூடிவைத்துவிட்டு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் களத்தில் புதிதாக நுழைந்த ஒருவர் உங்களிடம் கேட்கக்கூடிய 30 கேள்விகளை ஒரே அமர்வில் எழுதுங்கள். பிறகு, எந்தெந்தக் கேள்விக்கு நீங்கள் முதலில் தவறான விடையைப் பின்பற்றி நட்டப்பட்டீர்களோ அதற்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். 30 கேள்விகள் வந்து புள்ளிகள் ஒன்றிரண்டு மட்டுமே விழுந்தால், உங்களுக்கு அதில் ஆர்வம் இருக்கிறது, அனுபவம் இல்லை. ஆர்வம் வாசகனாக இருக்கப் போதும். பத்துக்கு மேல் புள்ளிகள் விழுந்தால் களம் உங்களுடையதுதான். எழுத்து நின்றுபோனதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

புள்ளிகள் விழாதவர்கள் களத்தை மாற்றத்தான் வேண்டும். எதற்கு மாற்றுவது என்று தெரியாவிட்டால், 'எனக்கு எது பிடிக்கும்' என்ற கேள்வியை விட்டுவிட்டு மூன்று கணக்குகளைப் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் எதில் பணத்தைத் தொலைத்துப் பின் சரிசெய்தீர்கள்? எதைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் உங்களையே கூப்பிட்டுக் கேட்கிறார்கள்? எந்த வேலையைப் பிறர் செய்யக் கண்டால் 'அப்படிச் செய்யாதீர்கள்' என்று வாய்வரை வந்துவிடுகிறது? மூன்றாவது கேள்விதான் எனக்குத் தையல் இயந்திரத்தைக் காட்டிக்கொடுத்தது. ஓடாத இயந்திரத்தில் வலுக்கட்டாயமாகக் கைச்சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுழற்றுகிறவரைப் பார்த்தால் இன்றும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

எழுதிக் குவித்தும் தேடலில் பக்கம் காட்டப்படவே இல்லை

முதலில் தொழில்நுட்பக் காரணத்தை விலக்கிவிடுங்கள். சர்ச் கன்சோலின் மேற்பகுதியில் உள்ள பெட்டியில் பதிவின் முகவரியை இட்டால், கூகுள் அதைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறதா என்று சொல்லிவிடும். சேர்க்கப்படவில்லை என்றால் அது களத்தின் பிழை என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். சேர்க்கப்பட்டும் காட்டப்படவில்லை என்றால், இரண்டாவது இழையைப் பார்க்க வேண்டும்.

அனுபவசாலிகள் மிகுதியும் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. ஒரு வேலையை நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு, அதைக் கற்காதபோது நாம் என்ன சொற்களால் தேடினோம் என்பது மறந்துபோகிறது. நான் இரண்டாவது தளத்தில் முதலில் எழுதிய பதிவுகளுள் ஒன்றின் தலைப்பு 'மேல் நூல், கீழ் நூல் இழுவிசைச் சமநிலை' என்பது. மாதக்கணக்கில் அதை யாரும் பார்க்கவில்லை. அடியில் நூல் சிக்கித் திணறுகிறவருக்கு இழுவிசை என்ற சொல்லே தெரியாது; தெரிந்திருந்தால் பாதிச் சிக்கலை அவரே தீர்த்திருப்பார். அவர் தேடுவது 'தைக்கும்போது துணிக்கு அடியில் நூல் சிக்குகிறது' என்றுதான். தலைப்பையும் முதல் பத்தியையும் அப்படி மாற்றி எழுதினேன். உள்ளே சொன்ன தீர்வில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதன் பிறகுதான் அந்தப் பக்கம் தேடலில் தலைகாட்டத் தொடங்கியது. நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவரின் வேலை. நோயாளி தனக்கு எங்கே வலிக்கிறது என்றுதான் சொல்வார், அவர் சொல்லும் அந்தச் சொல்லில்தான் நம் பதிவும் தொடங்க வேண்டும்.

உங்கள் 30 கேள்விகளையும் அப்படி வலியின் மொழிக்கு மாற்றி, ஒவ்வொன்றாகத் தேடுபெட்டியில் பாதிவரை தட்டிப் பாருங்கள். கூகுள் தானே வாக்கியத்தை முடித்துக் காட்டினால், வேறு பலரும் அதைத் தேடியிருக்கிறார்கள். ஒரு சொல் மாதத்துக்கு எத்தனை முறை தேடப்படுகிறது என்ற அளவை அறிய கூகுளின் கீவேர்டு பிளானர் என்ற கருவி உதவும். விளம்பரத்துக்குச் செலவிடாத கணக்குகளுக்கு அது துல்லியமான எண்ணைத் தராமல் 100 முதல் 1,000 வரை என்பது போன்ற வரம்பையே காட்டும். களத்தைத் தேர அதுவே போதும். கூகுள் டிரெண்ட்ஸைப் பார்க்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். அதில் தெரியும் 0 முதல் 100 வரையிலான எண், தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை. தேர்ந்த காலத்துக்குள் தேடல் உச்சத்தில் இருந்த நேரத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு அது. சிலரே தேடும் ஒரு சொல்லும் அங்கே 100-ஐத் தொடும். அந்த உயரத்தைப் பார்த்துக் களத்தை முடிவு செய்தவர்களை நான் அறிவேன்.

இத்தனைக்குப் பிறகும் 30 கேள்விகளில் நான்கைந்துக்கு மேல் யாரும் தேடவில்லை என்று தெரிந்தால், உங்கள் அனுபவம் உண்மையானது, ஆனால் அரியது. அதைச் சற்றே பொதுவான அனுபவம் ஒன்றோடு சேர்த்துக் களத்தை விரிக்க வேண்டும். களத்தை விரிக்கச் சொல்வது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். மற்ற எல்லா இடத்திலும் குறுக்கத்தான் சொல்வேன்.

பக்கம் காட்டப்படுகிறது, ஆனால் நாற்பதாவது ஐம்பதாவது இடத்திலேயே நிற்கிறது

தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் அனுபவமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு உங்களை நம்புவதற்கு ஒரு காரணம் தெரியவில்லை. இதற்கு இரண்டு மூலங்கள் உண்டு.

களம் மிக அகலமாக இருப்பது ஒன்று. நீங்கள் விரும்பும் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பத்து இடங்களிலும் பெரிய ஊடக நிறுவனங்களும் தயாரிப்பு நிறுவனங்களும் நின்றால், அந்தக் கேள்வி தனிமனிதர் நிற்கக்கூடிய இடம் இல்லை. கேள்வி பதில் தளங்கள், பழைய விவாதங்கள், கேள்விக்குப் பாதிதான் பொருந்தும் கட்டுரைகள் ஆகியவை நடுவே தெரிந்தால் அங்கே இடம் காலியாக இருக்கிறது. தையல் என்பது கடல். தையல் இயந்திரம் என்பதும் கடல்தான். பழைய கைச்சக்கர இயந்திரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாமல் தானே சரிசெய்ய விரும்புகிறவரின் சிக்கல்கள் என்பதுதான் நான் நிற்க முடிந்த இடம். இதில் யாருக்கு, எந்தக் கருவியில், எந்தக் கட்டத்தில் என்ற மூன்றும் குறுகியிருப்பதைக் கவனியுங்கள். இவற்றுள் இரண்டையாவது குறுக்காத களம் தனிமனிதருக்குக் கட்டுப்படியாகாது.

களத்தின் தன்மையே மற்றொரு மூலம். உடல்நலம், பணம், பாதுகாப்பு போன்ற, தவறான தகவல் வாசகருக்குப் பெருந்தீங்கு செய்யக்கூடிய தலைப்புகளைக் கூகுள் 'உங்கள் பணம் அல்லது உங்கள் வாழ்வு' என்ற வகையில் வைத்து, தரத்தை மிகக் கடுமையாகப் பார்க்கிறது. தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுவோருக்கான கூகுளின் வழிகாட்டியில் நிபுணத்துவம், துறையில் பெற்ற மதிப்பு, நம்பகத்தன்மை என்ற மூன்று அளவுகோல்கள் இருந்தன. 2022 டிசம்பரில் அவற்றோடு அனுபவம் என்பதும் நான்காவதாகச் சேர்ந்தது. எழுதியவர் அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறாரா, அந்த இடத்துக்கு நேரில் போயிருக்கிறாரா என்பதும் அதனால் ஓர் அளவாயிற்று. நம்மைப் போன்றவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆயினும் அனுபவம் எல்லாக் கேள்விக்கும் தகுதி தந்துவிடாது. ஒரு நோயோடு பத்தாண்டு வாழ்ந்தவர், அந்த நோயோடு வேலைக்குப் போவது எப்படி, வீட்டில் எதை எங்கே மாற்றிவைத்தால் சிரமம் குறையும் என்று எழுதத் தகுதி உடையவர். எந்த மருந்தை எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. கடனிலிருந்து மீண்டவர் தன் மாதக் கணக்கை எப்படி மாற்றினார் என்று எழுதலாம். எந்தப் பங்கை வாங்குவது என்று எழுதக் கூடாது. தேடல் வரிசைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் வார்த்தையை நம்பி ஒருவர் தன் உடம்பில் சோதித்துப் பார்ப்பார் என்பது எழுதும்போது நினைவில் இருக்க வேண்டும்.

சரிசெய்யும் வழி: ஐம்பதாவது இடத்தில் நிற்கும் பதிவுகளை அழிக்க வேண்டாம். அவற்றுள் உங்கள் நேரடி அனுபவம் இல்லாதவற்றை ஒதுக்கி, மற்றவற்றில் நீங்கள் எடுத்த படம், நீங்கள் அளந்த அளவு, முயன்று தோற்ற வழி ஆகியவற்றைச் சேருங்கள். 'ஊசியைச் சரியாகப் பொருத்துங்கள்' என்று எவரும் எழுதலாம். பின்னலாடைத் துணியில் தையல் விட்டுவிட்டு விழுகிறது, 14-ஆம் எண் ஊசியிலிருந்து 16-க்கு மாற்றியும் நிற்கவில்லை, உருண்டை முனை ஊசி போட்ட பிறகுதான் நின்றது என்று செய்து பார்த்தவர்தான் எழுத முடியும்.

வாசகர்கள் வருகிறார்கள், பணம் வரவில்லை

நீண்ட நாள் உழைத்தவர்களை மனம் உடையச் செய்வது இந்த அறிகுறிதான். இங்கே அறுந்திருப்பது மூன்றாவது இழை. ஆனால் எங்கே அறுந்தது என்று பார்க்கப் பணம் எப்படி வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

விளம்பரத்தில் தொடங்குவோம். தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் திட்டமான ஆட்சென்ஸ், 2024 தொடக்கத்திலிருந்து சொடுக்குக்குப் பணம் தருவதை விட்டு, விளம்பரம் காட்டப்படும் கணக்கில் பணம் தருகிறது. விளம்பரதாரருக்காக விளம்பர இடத்தை வாங்கித் தரும் சேவை எடுக்கும் கட்டணம் போக மிஞ்சுவதில் 80 விழுக்காடு தளத்துக்கு வரும். கூகுள் விளம்பரச் சேவை வழியாக வரும் விளம்பரங்களில், விளம்பரதாரர் செலவழித்த முழுத்தொகையோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 68 விழுக்காடு. பங்கு எல்லாருக்கும் ஒன்றுதான். வேறுபடுவது விளம்பரதாரர் ஒரு பார்வைக்குத் தர முன்வரும் விலை. அது உங்கள் எழுத்தைப் பொறுத்தது அன்று. அந்தக் கேள்வியோடு வரும் வாசகர் அடுத்து எதை வாங்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது. தமிழுக்கு ஆட்சென்ஸ் ஆதரவு 2018 பிப்ரவரியில்தான் வந்தது. எந்த மொழியானாலும், போட்டியிடும் விளம்பரதாரர்கள் குறைவாக உள்ள மொழியில் பார்வையின் விலையும் குறைவாகவே இருக்கும். ஒரு பேச்சுக்கு 1,000 பார்வைக்கு 1 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஆட்சென்ஸ் பணம் அனுப்பத் தொடங்கும் 100 டாலர் வரம்பை எட்டவே 1,00,000 பார்வை வேண்டும். குறுகிய களத்தில் அவ்வளவு பேர் வருவது அரிது. ஆகவே அனுபவத்தை வைத்துக் குறுகிய களத்தில் எழுதுகிறவர் விளம்பரத்தை மட்டும் நம்பினால், களம் சரியாக இருந்தும் பிழை என்றே தோன்றும்.

அடுத்தது பரிந்துரைத் தரகு, அதாவது அஃபிலியேட்: உங்கள் இணைப்பு வழியாக வாசகர் ஒரு பொருளை வாங்கினால் கடை உங்களுக்குத் தரும் பங்கு. இதில் பிறருடைய விதிகள் உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கும். அமேசான் திட்டத்தில் உங்கள் இணைப்பைச் சொடுக்கிய வாசகர் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் தரகு உண்டு. 2020 ஏப்ரலில் அந்த நிறுவனம் அமெரிக்கத் திட்டத்தில் அறைகலன், வீட்டு மேம்பாடு போன்ற பிரிவுகளின் தரகை 8 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தபோது, அந்தப் பொருள்களை மட்டும் நம்பியிருந்த தளங்களின் வருமானம் ஒரே அறிவிப்பில் பாதிக்கும் கீழே போயிற்று. களத்தைத் தேரும்போது, அதில் விற்பனையாகும் பொருள் ஒரே ஒரு நிறுவனத்தின் திட்டத்தில்தான் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அடியில் நூல் சிக்கும் பதிவுக்குத்தான் வாசகர்கள் மிகுதியாக வந்தார்கள். அவர்கள் வந்தார்கள், பாதத்தை உயர்த்தி நூலைக் கோத்தார்கள், சரியானது, போய்விட்டார்கள். அவர்கள் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. ஊசி பற்றிய பதிவைப் படித்தவர்கள் வாங்கினார்கள். ஆனால் ஊசியின் விலை சிறிது, தரகு அதிலும் சிறிது. இரண்டையும் பார்த்துவிட்டு, என் களத்தில் பணமே இல்லை என்று முடிவு கட்ட இருந்தேன். அப்போது, வாசகர்கள் எனக்கு எழுதிய கேள்விகளை வரிசையாக எடுத்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 'பழைய இயந்திரம் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா' என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள். வாங்கிய பிறகு சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்க முடியாது. பெரிய தொகை போய்விடும். அந்த அச்சத்தில் நிற்கிறவர், தவறாமல் பார்த்து வாங்கச் சொல்லித் தரும் கையேட்டுக்குச் சிறு தொகை தரத் தயாராக இருக்கிறார். கைச்சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது எங்காவது இறுகுகிறதா, ஊசி இறங்கும் துளையின் ஓரத்தை நகத்தால் தடவினால் பிசிறு தட்டுப்படுகிறதா, பல்சக்கரங்களின் அருகே பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருக்கிறதா என்று படங்களோடு எழுதிய அந்தச் சிறு கையேடுதான் என் வருமானத்தின் பெரும்பகுதி.

இதிலிருந்து நான் கற்ற சோதனையை எந்தக் களத்துக்கும் வைக்கலாம். உங்கள் 30 கேள்விகளையும் மூன்றாகப் பிரியுங்கள்: வாங்கும் முன் கேட்பவை, பயன்படுத்தும்போது கேட்பவை, பழுதான பின் கேட்பவை. எளிதில் திருத்த முடியாத ஒரு முடிவுக்கு முன்னால் எழும் கேள்விகள் எத்தனை என்று எண்ணுங்கள். அப்படிப்பட்டவை ஐந்தாவது இருந்தால் அந்தக் களத்தில் பணம் உண்டு. ஒன்றுகூட இல்லை என்றால் வாசகர்கள் நன்றி சொல்வார்கள், வருமானம் இருக்காது. அதோடு, அந்தக் கேள்விகளைத் தேடும்போது முடிவுகளின் மேலே விளம்பரங்கள் வருகின்றனவா, யாராவது வகுப்பு நடத்துகிறார்களா, உதிரிப் பொருள் விற்கிறார்களா என்று பாருங்கள். ஒருவரும் எதையும் விற்கவில்லை என்றால், போட்டி இல்லை என்று மகிழ வேண்டாம். பெரும்பாலும் அங்கே சந்தையே இல்லை.

சோதனையில் தேறியும் பணம் வராவிட்டால், அதிகம் படிக்கப்படும் பழுது நீக்கும் பதிவுகளிலிருந்து, வாங்கும் முன் படிக்க வேண்டிய பதிவுகளுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த இணைப்பு மட்டும்தான் விடுபட்டிருக்கும்.

நன்றாக வந்துகொண்டிருந்த வருமானம் சரிந்துவிட்டது

பதற்றத்தில் களத்தை மாற்றிவிடாதீர்கள். சர்ச் கன்சோலில் இந்த ஆண்டின் மூன்று மாதங்களைச் சென்ற ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு வைத்துப் பாருங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் தேடல் உங்களை ஏமாற்றிவிடும்.

நிற்கும் இடம் அப்படியே இருந்து, காட்டப்படும் எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தால், தேடுகிறவர்களே குறைந்திருக்கிறார்கள், களம் தேய்கிறது. இடம் கீழே இறங்கியிருந்தால் போட்டி கூடியிருக்கிறது, அல்லது கூகுள் தன் மதிப்பீட்டை மாற்றியிருக்கிறது. காட்டப்படும் எண்ணிக்கையும் இடமும் மாறாமல் சொடுக்குகள் மட்டும் குறைந்திருந்தால், விடை தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவிய, தேடல் முடிவுகளின் மேலே கூகுள் காட்டும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள் வந்த பிறகு இந்த மூன்றாவது நிலையைப் பலர் காண்கிறார்கள். ஒரு வரியில் விடை சொல்லிவிடக்கூடிய கேள்விகளால் மட்டும் நிறைந்த களம் இனி நிலைக்காது என்றே நினைக்கிறேன். 'எந்த எண் ஊசி' என்பது ஒரு வரி விடை. 'இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது' என்பதற்குப் படமும் ஒலியும் கைப்பழக்கமும் வேண்டும். புதிய பதிவுகளை இரண்டாவது வகைக்கு நகர்த்துங்கள்.

சரிவைக் கண்டதும் கருவிகளைக் கொண்டு நூற்றுக்கணக்கில் பதிவுகளை உற்பத்தி செய்கிறவர்களும் உண்டு. தேடல் வரிசைக்காக மட்டும் மொத்தமாக உள்ளடக்கம் குவிப்பதை 2024 மார்ச் மாதக் கொள்கையில் கூகுள் வெளிப்படையாகவே முறைகேடு என்று வகைப்படுத்தியிருக்கிறது. அனுபவத்தை மூலதனமாக வைத்தவர் அந்த வழியில் போனால், தன்னிடம் இருந்த ஒரே மூலதனத்தையும் இழப்பார்.

வருமானம் வருகிறது, எழுத மனம் வரவில்லை

சுருக்கமாகவே சொல்கிறேன். அனுபவத்தைக் களமாக்கும்போது அந்த அனுபவத்தை வாரந்தோறும் திரும்பத் திரும்ப வாழ வேண்டியிருக்கும். நோய், பிரிவு, கடன் போன்ற காயங்கள் ஆறுமுன் அவற்றைக் களமாக எடுக்காதீர்கள். வேறொருவரின் வாழ்க்கையும் அதில் கலந்திருந்தால், அவருடைய ஒப்புதல் இல்லாமல் எழுதக் கூடாது. இந்த நிலைக்கு வந்துவிட்டவர்கள், அந்த அனுபவத்தின் உணர்ச்சிப் பகுதியை விட்டு, நடைமுறைப் பகுதிக்கு மட்டும் களத்தைச் சுருக்கிப் பார்க்கலாம். அப்படியும் மனம் வரவில்லை என்றால் விட்டுவிடுவதே நல்லது.

களத்தை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால்

மேலே சொன்ன சோதனைகளில் அனுபவ இழை அறுந்தவர்கள் மட்டும் புதிய தளம் தொடங்க வேண்டும். மற்ற இரண்டு இழைகளும் பெரும்பாலும் இருக்கும் தளத்திலேயே முடிச்சுப் போடக்கூடியவை. புதிய களத்தின் பதிவுகளைப் பழைய தளத்துக்குள்ளேயே கலந்து எழுதுவது மட்டும் வேண்டாம். வாசகருக்கும் தேடுபொறிக்கும் குழப்பம்தான் மிஞ்சும்.

பழைய தளத்தில் சில பதிவுகள் புதிய களத்துக்குப் பொருந்தினால் அவற்றைப் புதிய முகவரிக்கு மாற்றி, பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானே புதிய முகவரிக்கு அனுப்பும் 301 வகை நிரந்தரத் திசைமாற்றம் வையுங்கள். அதைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை; அதுவரை பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. புதிய டொமைன் பெயரில் கருவியின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ வைக்காதீர்கள். நாளை களம் ஓர் அடி நகர்ந்தாலும் பெயர் பொருந்தாமல் போகும். பிறருடைய வணிகப் பெயரை எடுத்துக்கொள்வது சட்டச் சிக்கலையும் வரவழைக்கும்.

எதைக் கொண்டுபோவது என்று தெரியாதவர்கள் பார்வை எண்ணிக்கையைப் பார்க்காமல், எந்தப் பதிவுக்கு வாசகர்கள் கேள்வி எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். என் முதல் தளத்தில் கைப்பேசிப் பதிவுகளுக்கு நடுவே, எழுத வேறொன்றும் தோன்றாத ஒரு மாலையில், தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் இடும் முறையைப் பற்றி ஒரு பதிவு எழுதி வைத்திருந்தேன். பார்வைக் கணக்கில் அது கடைசி வரிசையில் கிடந்தது. ஆனால் தளம் முழுவதிலும் அந்த ஒன்றுக்குத்தான் 17 கேள்விகள் வந்திருந்தன. இரண்டு ஆண்டுகள் அவற்றுக்கு ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறேன். இரண்டாவது தளத்தைத் தொடங்கிய நாளில் அந்த 17 கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்தத் தளத்தின் முதல் 17 பதிவுகள் அவைதான்.